முத்திரை, எக்காளம், கலசம்

உலகம் முடியும் என்று குறித்த நாள் வந்து போய் ஐந்து வாரமாகியும் ஜெபசுந்தர் வீடு திரும்பவில்லை. அவரோடு போனவர்கள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். தெருவில் ஞானபூரணி எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனார்கள். கூட்டத்தை நடத்திய பொன்ராஜ் சார் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவருடைய போனும் அணைந்து கிடந்தது, ஜெபசுந்தரின் போனும் அணைந்து கிடந்தது. இவரும் அவர் கூடவே போயிருப்பார் என்று ஞானபூரணி நினைத்துக்கொண்டாள். புருஷன் எங்கேயோ ஒரு வீட்டில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால்தான் அவளால் டியூட்டிக்குப் போய் வர முடிந்தது.

அவள் சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வீடு திருத்தங்கலில். அந்த வீட்டில் முன்பு மூன்று பேர் இருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், கல்லூரி விடுமுறையில், மகள் ஜெஸ்லின் பட்டாசுக் கம்பெனிக்குப் பாக்கிங் வேலைக்குப் போனாள். வீட்டில் போனை நோண்டிக்கொண்டு கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று சொல்லி, தான் ஃபோர்மேனாக இருந்த இடத்திலேயே அவளைச் சேர்த்துவிட்டவர் ஜெபசுந்தர். ஒன்பதாம் நாள் மருந்து கலக்கும் அறையில் உராய்வில் வெடித்து, தீ பாக்கிங் ஷெட் வரைக்கும் ஓடிவந்தது. ஜெஸ்லினை அவளுடைய அம்மாவின் வார்டுக்கே கொண்டுவந்தார்கள். பதினோரு மணி நேரம் உயிரோடு இருந்தாள். அந்தப் பதினோரு மணி நேரமும் ஜெபசுந்தர் வெளியே பைக்குகள் நிறுத்தும் இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். யார் யாரோ கையைப் பிடித்து இழுத்தும் உள்ளே வரவில்லை.

அடக்கம் முடிந்தபின் அவர் கம்பெனிப் பக்கம் போகவில்லை. மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. வார்டுக்குள் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் எப்படிச் சொல்வது என்று இவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அதைச் சுமந்தார்கள்.

அப்போதுதான் பொன்ராஜ் சாரின் புதன்கிழமைக் கூட்டம் அவருக்குக் கிடைத்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். யாரையும் ஏமாற்றும் ஆளில்லை. கடைசிக் காலச் சம்பவங்கள் எந்த வரிசையில் நடக்கும் என்று வேதத்தை விரித்துவைத்து விளக்குவார். சபையார் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது உபத்திரவ காலத்துக்கு முன்னாலா பின்னாலா, ஆயிரம் வருஷ அரசாட்சி எப்போது தொடங்கும், இரண்டு உயிர்த்தெழுதலுக்கும் நடுவே எவ்வளவு காலம் என்றெல்லாம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவார். வந்தவர்களுக்கு மிருகம் யார், பாபிலோன் எது என்று தெரிய வேண்டியிருந்தது. ஜெபசுந்தருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று தெசலோனிக்கேயர் நிருபத்தில் இருக்கிறது. அப்படியானால் ஜெஸ்லின் முதலில் எழுந்திருப்பாள். அதற்கு இன்னும் எத்தனை நாள்?

ஒரு வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, சாரும் அவரும் ஒரு ஜூலை மாதத் தேதியில் வந்து நின்றார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு தரிசில் தகரக் கொட்டகை போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருக்கப் போனார்கள். ஞானபூரணியையும் கூப்பிட்டார்.

"வார்டுல ஆறு பேரு கிடக்காக. அவுகளை விட்டுட்டு நான் எங்கன வர?" என்றாள்.

"அங்கன இருந்தாலும் ஆண்டவர் எடுத்துக்கிடுவாரு. சரி, இரு" என்று சொல்லிவிட்டு ஒரு துணிப்பையோடு போனார்.

ஆகஸ்டில் ஒருநாள் காலையில், உள்ளங்கையில் தீப்பட்ட ஒரு பெண் கட்டு மாற்ற வந்தாள். மாடத்தி என்று பெயர். வேலை நேரத்தில் பட்ட காயம். வலி தெரியாமலிருக்க ஞானபூரணி பேச்சுக் கொடுத்தாள்.

"எந்த ஊரும்மா?"

"ஏழாயிரம்பண்ணையில இருந்து உள்ளுக்க போகணும், சிஸ்டர். எங்க காட்டுக்குப் பக்கத்துல ஒரு தகரக் கொட்டகை இருக்கு. ஒரே ஜெபமா இருந்துச்சு. எல்லாரும் போயிட்டாக. ஒரு அண்ணாச்சி மட்டும் போவ மாட்டேங்காரு. பழைய காலண்டரைக் கிழிச்சு அதோட முதுகுல என்னமோ எழுதி எழுதித் தொங்க விடுதாரு. திருத்தங்கல்காரராம். நாந்தான் கஞ்சி குடுத்துக்கிட்டு வாரேன்."

ஞானபூரணியின் கையில் பஞ்சு அப்படியே நின்றது.

"நெத்தியில இங்கன ஒரு தழும்பு இருக்குமா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மறு சனிக்கிழமை அவள் ஏழாயிரம்பண்ணை பஸ் ஏறினாள். கம்பெனி வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. ரோட்டின் இரண்டு பக்கமும் மழை காணாத கரிசல் வெடித்துக் கிடந்தது. போய் என்னென்ன கேட்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் சேர்த்துக்கொண்டே போனாள். 'நான் செத்தேனா இருக்கேனான்னு பார்த்தீகளா? உங்களுக்கு மட்டுந்தான் பிள்ளையா? நான் பெறலையா?' பஸ் விட்டு இறங்கி வெயிலில் ஒரு மைல் நடந்து கொட்டகை வாசலில் நின்றபோது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. மனுஷன் பாதியாகிப் போயிருந்தார். நரைத்த தாடி நெஞ்சைத் தொட்டது. தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பிடி வந்தே?"

"பஸ்ஸுலதான். சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. அந்தத் தங்கச்சி குடுத்துச்சு." பென்சிலைக் கீழே வைத்தார். "தேதி போயிருச்சு, பூரணி."

"தெரியும்."

"அன்னிக்கு நான் இங்கன இல்லை. நம்ம கல்லறைத் தோட்டத்துல நின்னேன். காலையில இருந்து பொழுது அடையுற வரைக்கும். மொதல்ல அவதானே எந்திரிப்பா, எந்திரிக்கையில பக்கத்துல ஒரு ஆளாவது நிக்கணும்லா?"

கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு பத்து நிமிஷ நடை. அன்றைக்கு அவள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் டியூட்டி முடித்து வந்து, துணி துவைத்து மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்திருக்கலாம்லா?" என்றாள். 

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர? எங்கனயோ ஒரு எண்ணு பிசகியிருக்கு. அதைக் கண்டுபிடிச்சிட்டா வந்துருவேன்."

கொட்டகைக்குள் கம்பி கட்டி, காலண்டர் தாள்களைக் கிளிப் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார். முன்பக்கம் ரோஜாப்பூவும் அருவியும் குழந்தைகளும். பின்பக்கம் முழுக்க அவருடைய பொடி எழுத்து. கடைசிக் காலத்தில் உலகத்தின் மேல் வரும் என்று வேதம் சொல்லும் தண்டனைகள்: முதலில் ஏழு முத்திரை, அடுத்து ஏழு எக்காளம், அதற்கப்புறம் ஏழு கலசம். மொத்தம் இருபத்தொன்று. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி, ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் நாள்கணக்கு.

அழுது கூப்பிட்டால் வந்திருப்பாரோ என்னவோ. வந்தாலும் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அது அவளுக்குத் தெரியும். பையை ஓரமாக வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கன இருந்து ஆரம்பிக்கணும்? சொல்லுங்க, நானும் பார்க்கேன்."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் முதல் தாளை எடுத்துவந்தார்.

அப்படி ஐந்து சனிக்கிழமை போனாள். குழம்பும் துவையலும் தூக்குவாளியில் எடுத்துப் போவாள். மாடத்திக்கும் பங்கு உண்டு. சாப்பிட்டதும் இரண்டு பேரும் உட்கார்ந்து வெளிப்படுத்தல் புத்தகத்தை வாசிப்பார்கள். வெள்ளைக் குதிரை, சிவப்புக் குதிரை, கறுப்புக் குதிரை. கல்மழை, இரத்தமாகும் கடல், கசந்துபோகும் தண்ணீர். அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால் பாதி நேரம் அவள் குதிரைகளைக் கவனிக்கவில்லை. அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வருஷமாக வீட்டில் அந்தக் குரலுக்கு 'தண்ணி குடு', 'கதவைச் சாத்து' என்பதற்குமேல் பேச்சில்லை. இப்போது அது ஏற்றமும் இறக்கமுமாக, கல்யாணமான புதிதில் கம்பெனிக் கதைகளைச் சொல்லுமே, அந்தப் பழைய மாதிரியே பேசியது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் சொன்னதில் ஏதாவது ஒரு வரியை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும்.

ஆனால் நர்ஸ் கண் சும்மா இருக்குமா? பாதி நேரம் கவனித்ததிலேயே ஒன்று அவளுக்கு உறுத்தியது. ஐந்தாவது சனிக்கிழமை கேட்டுவிட்டாள்.

"ஏங்க, ஆறாவது முத்திரையில நட்சத்திரமெல்லாம் உதிர்ந்து பூமியில விழுந்துட்டுன்னு எழுதியிருக்கீக. வானமே சுருட்டின தாள் மாதிரி போயிட்டு."

"ஆமா."

"அப்புறம் நாலாவது எக்காளத்துல நட்சத்திரத்துல மூணுல ஒரு பங்கு இருண்டு போச்சுன்னு இருக்கே. உதிர்ந்து போனது மறுபடி எப்பிடி மேல வந்துச்சு?"

அவர் தாளைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் பாருங்க. ஏழாவது முத்திரை முடியுறப்போ இடிமுழக்கம், மின்னல், பூமியதிர்ச்சி. ஏழாவது எக்காளம் முடியுறப்போவும் அதேதான். ஏழாவது கலசத்துலயும் அதேதான். மூணு தடவை உலகம் முடியுமா?"

"நீ என்ன சொல்லுதே?"

 அவள் தனக்குத் தெரிந்த வழியில் சொன்னாள். "வார்டுல ஒரு நாளைக்கு மூணு டியூட்டி. ஒரு ஆளுக்கு வலிப்பு வந்துச்சுன்னா காலை டியூட்டிக்காரி கேஸ் ஷீட்ல எழுதுவா. மதியம் வாரவ அதையே அவ கண்ட மாதிரி இன்னுங் கொஞ்சம் கூட்டி எழுதுவா. நைட் டியூட்டிக்காரியும் எழுதுவா. போன வருசம் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒண்ணு அதை வாசிச்சிட்டு, மூணு தடவை வலிப்பு வந்துச்சுன்னு டாக்டர்கிட்டச் சொல்லிருச்சு. வந்தது ஒரு தடவைதான். இதுவும் அப்பிடி இருக்கலாம்லா? முத்திரை, எக்காளம், கலசம் எல்லாமே ஒரே சங்கதியா இருக்கலாம்லா? தரிசனம் கண்ட யோவான் ஒண்ணையே மூணு தரம் பார்த்து எழுதியிருந்தா?"

ஜெபசுந்தர் எழுந்தார். கம்பியில் தொங்கிய தாள்களின் பக்கத்தில் போய் நின்றார். முத்திரைத் தாளைக் கழற்றி எக்காளத் தாளின் மேல் வைத்துப் பார்த்தார். கலசத் தாளை அதற்குமேல் வைத்துப் பார்த்தார்.  வெளியே ஆடுகள் கத்திக்கொண்டு போயின.

"அப்பிடின்னா அம்புக்குறி கிடையாது."

"கிடையாதுங்க."

"நாள் எண்ண முடியாது."

"முடியாதுன்னுதான் நினைக்கேன்."

அவர் திரும்பினார். அது நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் பார்த்திருக்க வேண்டிய முகம், அன்றைக்குப் பார்க்கக் கிடைக்காத முகம்.

"அப்போ எப்போதான் நான் அவளைப் பார்க்க?"

அவள் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள். அவர் உதறவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ போ" என்றார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் முதுகு காட்டி நின்றார். நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். பொய்க் கணக்காக இருந்தால் என்ன, அது அவரை உயிரோடு வைத்திருந்ததே. சனிக்கிழமைதோறும் ஒரு குரலைத் தந்ததே. அதையும் கெடுத்தாயிற்று.

அடுத்த சனிக்கிழமை போனபோது கொட்டகை பூட்டியிருந்தது. அண்ணாச்சி காட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பதாகவும், பொழுதடைந்துதான் வருவதாகவும் மாடத்தி சொன்னாள். தூக்குவாளியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் போகவே முடியவில்லை. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. கம்பெனிகளில் ஆர்டர் நெருக்கியது. அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏழாயிரம்பண்ணை ரோட்டில் ஒரு யூனிட்டில் வெடித்துவிட்டது. ஒன்பது பேரைக் கொண்டுவந்தார்கள். ஏழு பேர் பெண்கள்.

ஞானபூரணிக்கு அதன்பின் நேரம் தெரியவில்லை. சலைன், கட்டு, ஊசி என்று ஓடிக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், ஒரு கட்டிலிலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று குரல் வந்தது. நனைத்த பஞ்சை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வார்டு வாசலில் ஜெபசுந்தர் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் புழுதி. கதவு நிலையை ஒரு கையால் பிடித்திருந்தார். 

"சத்தம் கேட்டுச்சு. நீ உள்ளதான் இருப்பேன்னு தெரியும்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் தாண்ட முடியாத வாசல் அது. கையிலிருந்த வேலையையே சொன்னாள். "வெளிய சொந்தக்காரங்க அழுதுக்கிட்டு நிக்காக. தண்ணி குடிச்சிருக்க மாட்டாக. யாரு யாரு எங்கன படுத்திருக்காகன்னு கேட்டா நீங்க சொல்லுங்க. செல்லக்கனி மூணாவது கட்டில். அவ புருசன் பேரு செந்தூர்பாண்டி. தேடிப் பாருங்க."

அவர் போனார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வராந்தாவில் தண்ணீர்க் குடத்தோடு அலைந்தார். செந்தூர்பாண்டி சுவரோரம் ஒடுங்கி நின்றான். உள்ளே வரமாட்டேன் என்றான். ஜெபசுந்தர் அவன் தோளில் கை போட்டு, காதோடு ஏதோ சொல்லி, மூன்றாவது கட்டில் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன சொன்னார் என்று ஞானபூரணிக்குக் கேட்கவில்லை. கட்டிலருகே வந்ததும் செந்தூர்பாண்டி மனைவியின் காலடியில் உட்கார்ந்தான். ஜெபசுந்தர் சற்றுத் தள்ளி நின்று, மெல்ல அந்த வார்டு முழுவதையும் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார்.

அன்று அவர் கொட்டகைக்குத் திரும்பவில்லை. அடுத்த இரண்டு நாளும் வராந்தாவிலேயே கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூட்டி முடிந்து அவள் வெளியே வந்தபோது, கூடவே நடந்து வந்து திருத்தங்கல் பஸ்ஸில் ஏறினார். 

வீட்டுக்கு வந்து குளித்தார். அவள் சோறு வடித்துப் பருப்புக் கடைந்து போட்டாள். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார்.

"பூரணி, எந்தக் கட்டில்?"

"ஜன்னலோரம். இப்போ ஒரு பாட்டி படுத்திருக்காகள்லா, அது."

"சொல்லு."

எதை என்று அவள் கேட்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. கடைசியைத்தான் முதலில் சொன்னாள். பிறகு நடுவே தாவி, பிறகு ஆம்புலன்ஸ் வந்த நேரத்துக்குப் போனாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவர் திருத்தவில்லை.

"வலி தெரியலை அவளுக்கு. ஊசி போட்டிருந்தோம். பேசிக்கிட்டேதான் இருந்தா. முடியைப் பத்திக் கேட்டா. திரும்ப முளைக்குமாம்மான்னு. முளைக்கும்டின்னேன். அவ சேக்காளி ஆர்த்திக்குப் போன் பண்ணிச் சொல்லச் சொன்னா, பரீட்சைப் புஸ்தகம் அவகிட்ட இருக்காம்."

"என்னையக் கேட்டாளா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் நான்கு வருஷம் ஓடியிருக்கிறார். அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மறைக்கவில்லை.

"கேட்டா. மூணு தரம் கேட்டா. வெளிய மரத்தடியில நிக்காகன்னு சொன்னேன். கூட்டியாரவாடின்னு கேட்டேன். வேண்டாம்மா, அப்பாவுக்குத் தாங்காதுன்னா. அவுக என்னைய அங்க சேர்த்துவிட்டதை நினைச்சுக்கிட்டே நிப்பாக, நீ அப்பிடியெல்லாம் இல்லை, அவுக மேல தப்பில்லைன்னு சொல்லுன்னா."

"நீ சொல்லலையே."

"நீங்க கேட்கலையே."

அவர் எச்சில் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார். பெரிய உடம்பு. குலுங்கிக் குலுங்கி அழுதது. அவள் எழுந்துபோய் அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். வார்டில் அழக்கூடாது என்று வைத்திருந்தது, அடக்கத்தன்று உறவுக்காரர்கள் நடுவே அழ முடியாமல் போனது, எல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்து அச்சகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

"அவ ரொம்ப நாளா அங்கன தனியாக் கிடக்கா, பூரணி" என்றார் கொஞ்சம் அடங்கியபின்.

"ஆமாங்க."

"எம்புட்டு நாள்னு தெரிஞ்சிருந்தா காத்துக்கிட்டு இருந்துருவேன்."

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. தெரியலையே. தெரியாமத்தான் இருக்கணும் போல."

அவர் பாயை விரித்துப் படுத்தார். சற்று நேரத்தில் அசந்து தூங்கிவிட்டார். ஆள் பற்றாக்குறையால் அன்று மத்தியானமும் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். புது யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டும்போது அவர் கண் திறந்து பார்த்தார்.

"போயிட்டு வாரேன். நான் வாரப்போ இருப்பீகளா?"

"இருப்பேன். செல்லக்கனிக்கு எப்பிடி இருக்குன்னு கேட்டுட்டு வா."

தெருமுனை வரைக்கும் போனபின் திரும்பிப் போய் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமா என்று அவளுக்கு இருந்தது. பஸ் வருகிற சத்தம் கேட்டது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.